ஓசோனில் ஓட்டை போட்ட ஃபிரிட்ஜ் கேஸ்: யார் இந்த தாமஸ் மிட்ஜ்லி? அந்த ஓட்டை இனி அடைபடுமா?

ஓசோன் படலத்தில் ஓட்டை விழுந்த கதையை நாம எல்லோருமே பள்ளியில் படிச்சிருப்போம். அந்த ஓட்டைக்கு காரணமான வாயுவை ஃபிரிட்ஜுக்குள் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? அமெரிக்காவின் தாமஸ் மிட்ஜ்லி. இன்னொரு விஷயமும் இருக்கு. பெட்ரோலில் ஈயத்தைக் கலந்தவரும் இவர்தான். ஒரே மனிதர், இரண்டு பெரிய பாதிப்புகள். இதில் ஒன்று தெரிந்தே நடந்தது, இன்னொன்று தெரியாமல் நடந்தது.

யார் இந்த மிட்ஜ்லி?

1889-ம் ஆண்டு மே 18-ம் தேதி பென்சில்வேனியா மாகாணத்தில் பிறந்தவர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1911-ல் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தார். ஆமாம், இவர் படித்தது வேதியியல் இல்லை. 1916-ல் ஓஹியோ மாகாணத்தின் டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங் நடத்திய ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு இந்த ஆய்வகம் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது.

பெட்ரோலில் கலந்த ஈயம்

அந்தக் காலத்து கார் இன்ஜின்களில் எரிபொருள் சரியாக எரியாமல் டக் டக்கென்று தட்டும் சத்தம் வரும். இதற்கு நாக்கிங் என்று பெயர். இதை நிறுத்த பல பொருட்களைக் கலந்து பார்த்த மிட்ஜ்லிக்கு 1921 டிசம்பரில் விடை கிடைத்தது. அதுதான் டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மம். விற்பனைக்கு வந்தபோது ஈயம் என்ற சொல்லையே தவிர்த்து, எத்தில் என்று மட்டும் பெயர் வைத்தார்கள்.

ஈயம் விஷம் என்பது அப்போதே தெரிந்த விஷயம். மிட்ஜ்லியே ஈய பாதிப்பால் 1923-ல் சில வாரங்கள் ஓய்வெடுக்க ஃபுளோரிடா போக வேண்டியிருந்தது. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சி ஆலையில் இந்தச் சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளர்கள் 5 பேர் இறந்தார்கள். ஆனாலும் அதே மாத இறுதியில் செய்தியாளர்கள் முன்னிலையில் அந்தத் திரவத்தைத் தன் கையில் ஊற்றி, முகர்ந்தும் காட்டினார் மிட்ஜ்லி. ஆபத்தில்லை என்று நம்பவைக்கத்தான் இந்த டெமோ.

அடுத்தது ஃபிரிட்ஜ்

1920-களின் ஃபிரிட்ஜ்களில் அம்மோனியா, சல்பர் டையாக்சைடு, மெத்தில் குளோரைடு போன்ற வாயுக்கள்தான் இருந்தன. லீக் ஆனால் வீட்டில் இருப்பவர்களின் உயிருக்கே ஆபத்து. விஷமில்லாத, தீப்பிடிக்காத ஒரு வாயு வேண்டும் என்ற வேலை மிட்ஜ்லி குழுவிடம் வந்தது. 1928-ல் அவர்கள் தேர்ந்தெடுத்ததுதான் சிஎஃப்சி, அதாவது குளோரோஃபுளோரோகார்பன் வகை வாயு. ஃப்ரீயான் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது.

1930-ல் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் அந்த வாயுவை மூச்சில் இழுத்து, எரியும் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார். விஷமும் இல்லை, தீயும் பிடிக்காது என்று நிரூபித்தாச்சு. இந்த முறை அவர் சொன்னதில் பொய் இல்லை. வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு அது உண்மையிலேயே பாதுகாப்பான வாயுதான். ஏசி, ஸ்பிரே, ஃபோம் என்று எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

அப்போ பிரச்சனை எங்கே?

சிஎஃப்சி எதோடும் சேராது, எளிதில் அழியாது. அதன் பிளஸ் பாயின்ட்டே பிறகு வினையானது. மழையில் கரையாமல், காற்றோடு மெல்ல மெல்ல மேலே போகிறது. ரொம்ப உயரத்தில் சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டதும் உடைந்து குளோரினை வெளியே விடுகிறது. ஒரு குளோரின் அணு சுமார் 1 லட்சம் ஓசோன் மூலக்கூறுகள் வரை அழித்துவிடும்.

இது எதுவும் மிட்ஜ்லிக்குத் தெரியாது. 1940-ல் போலியோ தாக்கி நடக்க முடியாமல் போன அவர், படுக்கையில் இருந்து எழ கயிறும் கப்பியும் கொண்ட ஒரு கருவியைத் தானே வடிவமைத்தார். 1944 நவம்பர் 2-ம் தேதி அந்தக் கயிறே கழுத்தில் இறுகி உயிரிழந்தார். வயது 55. அப்போது அவர் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் தலைவர், 100-க்கும் மேற்பட்ட காப்புரிமைகளுக்குச் சொந்தக்காரர்.

சிஎஃப்சி ஓசோனை அழிக்கும் என்று மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் சொன்னது 1974-ல். அண்டார்டிகா மேல் ஓசோன் வெகுவாகக் குறைந்துவிட்டதை பிரிட்டன் ஆய்வாளர்கள் 1985-ல் வெளியிட்டார்கள்.

ஓட்டையை அடைக்க முடியுமா?

நாம் ஓசோனைத் தயாரித்து மேலே அனுப்பி அடைக்க முடியாது. அதற்குத் தேவையும் இல்லை. சூரிய ஒளி ஆக்சிஜனை உடைத்து தினமும் புது ஓசோனை உருவாக்கிக்கொண்டேதான் இருக்கிறது. மேலே குழாயில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும் டேங்க்கில், கீழே கசிவு இருப்பது போலத்தான் இது. கசிவை நிறுத்தினால் டேங்க் தானாக நிரம்பும்.

அந்தக் கசிவை நிறுத்தத்தான் 1987 செப்டம்பர் 16-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் உருவானது. ஓசோனை அழிக்கும் பொருட்களில் சுமார் 99 சதவீதம் இதன் மூலம் பயன்பாட்டில் இருந்து விலகிவிட்டன. ஐ.நா. ஆதரவுடன் 2023 ஜனவரியில் வெளியான மதிப்பீட்டின்படி, இதே கட்டுப்பாடு தொடர்ந்தால் ஓசோன் படலம் 1980-ல் இருந்த அளவுக்குத் திரும்பும். எப்போது?

* உலகின் பெரும்பகுதியில்: 2040 வாக்கில்
* ஆர்க்டிக் மேல்: 2045 வாக்கில்
* அண்டார்டிகா மேல்: 2066 வாக்கில்

ஏன் இவ்வளவு தாமதம்? மிட்ஜ்லி குழு கொடுத்த சிஎஃப்சி-12 வாயு காற்றில் சுமார் 100 ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும். நம் தாத்தா காலத்து ஃபிரிட்ஜில் இருந்து கசிந்தது இன்னும் மேலேயே சுற்றுகிறது. நடுவில் சில ஆண்டுகள் ஓட்டை பெரிதாகத் தெரிவதும் உண்டு. அது அந்தந்த ஆண்டு குளிரையும் காற்றோட்டத்தையும் பொறுத்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு

சிஎஃப்சிக்கு மாற்றாக வந்த எச்எஃப்சி வாயுக்கள் ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால், பூமியை சூடாக்குவதில் பெரிய கில்லாடிகள். அதனால் அவற்றையும் குறைக்க 2016-ல் கிகாலியில் முடிவெடுத்தார்கள். பாதுகாப்பானது என்று இன்று கொண்டுவரும் பொருளை, வீட்டுக்கு மட்டும் இல்லாமல் வானத்துக்கும் சேர்த்து சோதிக்க வேண்டும் என்பதுதான் மிட்ஜ்லி கதை சொல்லும் பாடம்.

ஈயம் கலந்த பெட்ரோல் கடைசியாக அல்ஜீரியாவில் 2021-ல் தான் நின்றது. ஆபத்து முன்பே தெரிந்தும், அதை நிறுத்த சுமார் 100 ஆண்டுகள் ஆனது. தெரியாமல் நடந்த ஓசோன் பாதிப்போ, தெரியவந்த 13 ஆண்டுகளில் ஒப்பந்தமாகிவிட்டது.

உங்க வீட்டு பழைய ஏசியில் ஆர்-22 கேஸ் இருந்தால் அதிலும் குளோரின் உண்டு. கழற்றும்போது அதை அப்படியே காற்றில் திறந்துவிடாமல், சிலிண்டரில் பிடித்து எடுக்கச் சொல்லி மெக்கானிக்கிடம் கேளுங்கள்.