ஜி. டி. நாயுடு

கோபால்சாமி துரைசாமி நாயுடு (மார்ச் 23, 1893 - சனவரி 4, 1974) கோயம்புத்தூரைச் சேர்ந்த தொழிலதிபரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். ஜி. டி. நாயுடு என்ற பெயரிலேயே பரவலாக அறியப்படுகிறார். பொறியியலை எந்தக் கல்லூரியிலும் பயிலாத இவர், பொறிகளைக் கழற்றிப் பார்த்தே அவற்றைக் கற்றுக்கொண்டவர். 1920 இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை இயக்கித் தொழிலைத் தொடங்கினார். பின்னர் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் (யு. எம். எஸ்.) என்ற பெரிய போக்குவரத்து நிறுவனத்தை வளர்த்தெடுத்தார். மின் மோட்டார், சவரக் கருவி, வாக்குப்பதிவு இயந்திரம் எனப் பல துறைகளிலும் இவருடைய கைவண்ணம் உண்டு. இவை அனைத்திற்கும் முன்னால் இவர் வாழ்வில் வந்தது ஒரு மோட்டார் சைக்கிள்.

இளமைக் காலம்

கோயம்புத்தூர் மாவட்டத்தில் சூலூருக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில், தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட உழவர் குடும்பத்தில் துரைசாமி பிறந்தார். தந்தையார் பெயர் கோபால்சாமி. தாயை மிகச் சிறு வயதிலேயே இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. தொடக்கக் கல்வியைத் தாண்டி அவர் படிக்கவில்லை. ஆசிரியர் மீது மண்ணை வீசிவிட்டு ஓடியதாக ஒரு கதை அவரைப் பற்றிய நூல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. எனினும் எழுத்தறிவை விட்டுவிடவில்லை. வயலில் வேலை செய்துகொண்டே தமிழ் நூல்களைத் தாமாக வாசிக்கும் பழக்கத்தை வளர்த்துக்கொண்டார்.

முதல் மோட்டார் சைக்கிள்

மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் மட்டுமே தெரிந்த கலங்கலுக்கு, நிலவரித் துறையைச் சேர்ந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். எந்த விலங்கும் இழுக்காமல் ஒரு வண்டி தானாக ஓடுவதைத் துரைசாமி அன்றுதான் முதன்முதலில் கண்டார். வழியில் வண்டி பழுதாகி நின்றதாகவும், அதிகாரி அதைச் சரிசெய்வதை இவர் அருகிலிருந்து கவனித்ததாகவும் கூறுவர். வண்டி ஓடியதைக் காட்டிலும், நின்றுபோன வண்டியை ஒரு மனிதர் தம் கையாலேயே மீண்டும் ஓடச் செய்ததுதான் அவரை ஆட்கொண்டது என்று கருத இடமுண்டு. அவருடைய பிற்கால வாழ்க்கை முழுவதும் அந்த இரண்டாவது காட்சியின் வழியிலேயே சென்றது.

அப்போது அவருக்கு வயது 16 எனச் சில நூல்கள் குறிப்பிடுகின்றன. வண்டியோ 1912 ஆம் ஆண்டுத் தயாரிப்பு என்பதும் அதே நூல்களில் உள்ளது. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. 1912 இல் அவருக்கு 19 வயது ஆகியிருக்கும் என்பதால், இளைஞராக இருந்தபோது என்று கொள்வதே சரியாகும்.

அந்த வண்டி இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் இயங்கிய ரட்ஜ் நிறுவனத்தின் தயாரிப்பு. மிதிவண்டி செய்து பெயர் பெற்றிருந்த ரட்ஜ், 1911 இல்தான் மோட்டார் சைக்கிள் விற்பனையில் இறங்கியது. அடுத்த சில ஆண்டுகளிலேயே அதன் வண்டிகள் பந்தயக் களத்தில் புகழ் பெற்றன. ஐல் ஆஃப் மேன் தீவில் 1914 இல் நடைபெற்ற டூரிஸ்ட் டிராபி பந்தயத்தின் முதன்மைப் பிரிவில் சிரில் புல்லின் என்பவர் ரட்ஜ் வண்டியிலேயே வெற்றி பெற்றார். நாயுடு பந்தய வீரர் அல்லர். ஆயினும் அன்றைய உலகின் சிறந்த பந்தய வண்டிகளுக்கு உறவான ஒன்றே அவர் கண்ணில் முதலில் பட்டது என்பது சுவையான செய்தி.

வண்டியை வாங்கியே தீர வேண்டும் என்று முடிவு செய்த துரைசாமி, ஊரை விட்டுக் கோயம்புத்தூருக்குச் சென்று ஓர் உணவு விடுதியில் பரிமாறுபவராக வேலைக்குச் சேர்ந்தார். சுமார் மூன்று ஆண்டுகள் பணம் சேர்த்தார். பின்னர் அதே அதிகாரியைத் தேடிச் சென்று, 300 ரூபாய் கொடுத்து அதே வண்டியை விலைக்கு வாங்கினார்.

வாங்கியதும் அவர் செய்தது அதில் ஊர் சுற்றுவது அன்று. அதை முழுவதுமாகக் கழற்றிப் போடுவது. அக்கால ரட்ஜ் வண்டி, இதற்கு ஏற்ற பொறி எனலாம். சுமார் 500 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள ஒற்றை உருளை எஞ்சின், பின்சக்கரத்தைச் சுழற்ற ஒரு வார்ப்பட்டை, தீப்பொறி உண்டாக்க ஒரு மேக்னெட்டோ, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் ஆகியவையே அதன் முக்கிய உறுப்புகள். எஞ்சினுக்கு வேண்டிய எண்ணெயைக்கூட ஓட்டுநரே அவ்வப்போது கைப்பம்பால் செலுத்த வேண்டும். ஆகவே ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, உள்ளே நடப்பதும் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான உறுப்புகள் வெளியே தெரியும்படி அமைந்திருந்ததால், எது எதை இயக்குகிறது என்பதைக் கண்ணாலேயே பின்தொடர முடிந்தது. விளக்கிச் சொல்ல எவருமின்றி, பிரித்தும் பூட்டியும் மீண்டும் பிரித்தும் நாயுடு அதைக் கற்றார். விரைவில் மோட்டார் வண்டிகளைப் பழுது பார்க்கும் திறன் அவருக்குக் கைவந்தது.

பொள்ளாச்சி - பழனி பேருந்து

முதல் உலகப் போர்க் காலத்தில் திருப்பூரில் பருத்தித் தொழிலில் இறங்கி நல்ல வருவாய் ஈட்டிய நாயுடு, பின்னர் பம்பாய் சென்று பருத்தி வணிகத்தில் அப்பணத்தை இழந்தார். வெறுங்கையோடு திரும்பியவருக்குக் கோயம்புத்தூரின் முன்னணித் தொழிலதிபரான இராபர்ட் ஸ்டேன்ஸ் உதவினார். அவருடைய துணையுடன் 1920 இல் ஒரு பேருந்தைக் கடனில் பெற்று, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே நாயுடு தாமே ஓட்டினார்.

இத்தடத்தைத் தெரிவு செய்தது தற்செயலாகத் தோன்றவில்லை. பொள்ளாச்சியிலிருந்து உடுமலைப்பேட்டை வழியாகப் பழனி செல்லும் சாலை, 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளமுடையது. தெற்கே முதலில் ஆனைமலையும், பின்னர் பழனி மலைத்தொடரும் உடன் வர, ஏறத்தாழச் சமவெளியிலேயே ஓடும் சாலை இது. அக்காலப் பேருந்துகள் மலையேற்றத்தில் எளிதில் சூடேறி நின்றுவிடும் என்பதால் இது சிறியதொரு வசதியன்று. போத்தனூரிலிருந்து பொள்ளாச்சி வரை தொடர்வண்டி 1915 இலேயே வந்துவிட்டது. ஆனால் பொள்ளாச்சியிலிருந்து பழனி வழியாகத் திண்டுக்கல் செல்லும் பாதை 1928 இல்தான் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பொள்ளாச்சியில் வந்திறங்கும் முருக பக்தர்கள் பழனி செல்ல மாட்டு வண்டியையோ தம் கால்களையோதான் நம்ப வேண்டியிருந்தது. தைப்பூசம், பங்குனி உத்திரம் ஆகிய விழாக்களில் இக்கூட்டம் பன்மடங்காகும். பொள்ளாச்சிச் சந்தைக்கு வரும் வணிகர்களும் உழவர்களும் ஆண்டு முழுவதும் பயணம் செய்வர். தொடர்வண்டி விட்ட இடைவெளியை நாயுடுவின் பேருந்து நிரப்பியது.

ஒரு பேருந்து சில ஆண்டுகளில் பல பேருந்துகளாகி, யு. எம். எஸ். நாட்டின் திறன்மிக்க பேருந்து நிறுவனங்களுள் ஒன்றாக மதிக்கப்பட்டது. அதன் தனிச்சிறப்பு நேரம் தவறாமை ஆகும். வண்டிகள் வந்து புறப்படும் நேரத்தைக் கண்காணிக்கவும், பயணச் சீட்டு வழங்கவும் கருவிகளை நாயுடுவே வடிவமைத்தார். ஒரு மோட்டார் சைக்கிளின் உறுப்புகள் ஒன்றுக்கொன்று இசைந்து இயங்குவதைப் பார்த்துக் கற்றவர், ஓட்டுநர், நடத்துநர், பணிமனை, கால அட்டவணை ஆகியவற்றையும் அதே கண்ணோடு பார்த்தார். அவருடைய கண்டுபிடிப்புகளுள் பெரிதும் பேசப்படாதது இதுதான். ஆனால் மக்களுக்கு மிகுதியாகப் பயன்பட்டது இதுவாகவே இருக்கக்கூடும்.

மின் மோட்டாரும் பிற கருவிகளும்

நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932 இல் இயங்கத் தொடங்கியபின் கோயம்புத்தூரில் மின்சாரம் எளிதாகக் கிடைத்தது. பஞ்சாலைகளுக்கும் கிணற்றுப் பாசனத்திற்கும் மோட்டார்கள் தேவைப்பட்டன. அவை யாவும் வெளிநாட்டிலிருந்து வந்தன. பீளமேட்டில் நாயுடு நடத்திய தொழிற்சாலையில், து. பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து 1937 இல் ஒரு மின் மோட்டார் உருவாக்கப்பட்டது. இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின் மோட்டாராக இது கருதப்படுகிறது. இன்று கோவை மோட்டார், பம்பு உற்பத்திக்குப் பெயர் பெற்ற நகரமாக விளங்குகிறது.

உலர் மின்கலத்தில் இயங்கும் ரசந்த் என்னும் சவரக் கருவி, மிக மெல்லிய சவர அலகு, மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, முறைகேடு செய்ய இயலாத வாக்குப்பதிவு இயந்திரம் ஆகியவை அவர் பெயரால் வழங்குகின்றன. ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்ய முடியும் என 1941 இல் அறிவித்தார். காலை ஆறு மணிக்கு அடித்தளமிட்டு மாலை ஐந்து மணிக்குள் ஒரு வீட்டைக் கட்டி முடித்தும் காட்டினார். ஒளிப்படக் கலையிலும் ஆர்வம் கொண்ட அவர், 1936 இல் இலண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே படம் பிடித்தார். அதே ஆண்டு மாகாணத் தேர்தலில் போட்டியிட்டுத் தோற்றார்.

கல்லூரியும் காரும்

சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் கோயம்புத்தூரில் 1945 இல் பொறியியல் கல்லூரி ஒன்று தொடங்கப்பட்டது. இதற்குப் பெரும் நன்கொடை அளித்த நாயுடு, முதல்வராகவும் பொறுப்பேற்றார். தொடக்கக் கல்வியோடு நின்ற ஒருவர் பொறியியல் கல்லூரிக்கு முதல்வரானது அரிய நிகழ்வு. நான்காண்டுப் படிப்பு மாணவரின் காலத்தை வீணாக்குகிறது, இரண்டாண்டே போதும் என்பது அவர் நிலைப்பாடு. அரசு அதை ஏற்கவில்லை; நாயுடு பதவி விலகினார். கணிதமும் கோட்பாடும் பணிமனையில் மட்டும் வந்துவிடா என்ற எதிர்வாதமும் வலுவானதே. எனினும் ஒரு பொறியைக்கூடக் கழற்றிப் பார்க்காமல் பட்டம் பெறுவோர் இருக்கும்வரை அவர் எழுப்பிய கேள்வி தீர்ந்ததாகாது. அக்கல்லூரியே இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆகும்.

1952 இல் இருவர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றை 2,000 ரூபாய் விலையில் உருவாக்கினார். தொழில்களுக்கு நடுவணரசின் உரிமம் கட்டாயம் எனக் கூறும் 1951 ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்த காலம் அது. உரிமம் மறுக்கப்பட்டதால் உற்பத்தி நின்றது. நடுத்தர வகுப்பினரை மனத்திற்கொண்டு செய்த சிறிய காரான மாருதி 1983 இறுதியில்தான் சாலைக்கு வந்தது. நாயுடுவின் கார் பெருமளவு உற்பத்தியில் தாக்குப்பிடித்திருக்குமா என்பதை எவராலும் கூற இயலாது. அதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டது என்பதே உண்மை.

பட்டப்பெயர்

இவரை இந்தியாவின் எடிசன் என அழைப்பது வழக்கம். இப்பட்டம் முற்றிலும் பொருத்தமானது எனக் கூற முடியாது. எடிசன் தம் கண்டுபிடிப்புகளைக் காப்புரிமையாக்கி, பெரும் நிறுவனங்களாக மாற்றியவர். நாயுடுவின் கருவிகளுள் பல, காட்சிப் பொருள் என்ற நிலையைக் கடக்கவில்லை. இருக்கும் பொறியைப் புரிந்துகொண்டு, அதை உள்ளூர்த் தேவைக்கும் உள்ளூர் விலைக்கும் ஏற்ப மாற்றியமைத்ததே அவர் வலிமை.

மறைவும் நினைவிடங்களும்

நாயுடு 1967 இல் கோயம்புத்தூரில் நிறுவிய தொழிற் கண்காட்சி, அவர் சேகரித்த பொறிகளையும் உருவாக்கிய கருவிகளையும் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. 1974 சனவரி 4 இல் தமது 80 ஆவது வயதில் காலமானார். கோயம்புத்தூர் அவினாசி சாலையில் அவருடைய குடும்பத்தார் நடத்தும் ஜிடி கார் அருங்காட்சியகம் 2015 இல் திறக்கப்பட்டது. அதே சாலையில் சுமார் 10 கிலோமீட்டர் நீளத்திற்குக் கட்டப்பட்டு 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட மேம்பாலத்திற்குத் தமிழ்நாடு அரசு அவர் பெயரைச் சூட்டியது. உணவு விடுதிக் கூலியில் வாங்கிய அந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளும் கோயம்புத்தூரில் பாதுகாத்து வைக்கப்பட்டுள்ளது.