ஒராபி பாஷாவை எமது மண்ணுக்கு அனுப்பிய கடன்

ஒராபி பாஷாவின் பெயரைக் கேள்விப்படாத இலங்கை முஸ்லிம்கள் குறைவு. 1883ஆம் ஆண்டு ஜனவரியில் நாடு கடத்தப்பட்டவராகக் கொழும்பில் வந்திறங்கிய அந்த எகிப்தியத் தளபதி, 18 ஆண்டுகளுக்கு மேல் இங்கு வாழ்ந்தார். அறிஞர் சித்திலெப்பை, வாப்பிச்சி மரிக்கார் ஆகியோரின் முயற்சியில் 1892இல் ஸாஹிறாக் கல்லூரி உருவானபோது அதற்குத் துணை நின்றார். ஆனால் அவர் ஏன் இங்கு வர நேர்ந்தது என்று கேட்டால், பிரித்தானியரை எதிர்த்தார் என்பதோடு எமது பதில் முடிந்துவிடுகிறது. பிரித்தானியர் எகிப்துக்குள் நுழையக் கதவைத் திறந்துவிட்டது, ஒரு முஸ்லிம் ஆட்சியாளர் வாங்கிக் குவித்த கடன். அவர்தான் கெதீவ் இஸ்மாயில் பாஷா.

நவீன எகிப்தின் சிற்பி எனப்படும் முஹம்மத் அலியின் பேரனாக 1830இல் கெய்ரோவில் பிறந்தவர் இஸ்மாயில். இளமையில் பாரிஸில் கல்வி கற்றார். அந்நகரின் அகன்ற வீதிகளும் மாளிகைகளும் அவரது மனதில் ஆழப் பதிந்தன. 1863இல் ஆட்சிக்கு வந்தபோது அதிர்ஷ்டம் அவர் பக்கம் இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரினால் அங்கிருந்து பருத்தி வருவது நின்றுபோக, எகிப்தின் பருத்தி பொன்னாக விலைபோனது. அந்த வருமானம் என்றும் நிலைக்கும் என்பது போல அவர் செலவு செய்தார். 1865இல் போர் முடிந்தது, விலை சரிந்தது. செலவு மாத்திரம் குறையவில்லை.

அவர் செய்த அனைத்தும் வீண் என்று சொல்வது நியாயமல்ல. ரயில் பாதைகள், நீர்ப்பாசனக் கால்வாய்கள், பாடசாலைகள், தேசிய நூலகம் என்று நாட்டுக்குப் பயன்பட்டவை பல. ஆனால் அவற்றுக்குப் பக்கத்திலேயே மாளிகைகளும் எழுந்தன. உஸ்மானிய சுல்தானுக்குச் செலுத்தும் வருடாந்தத் திறையைப் பெரிதும் உயர்த்தி, ஆட்சி தன் மகனுக்கே சேரும் உரிமையைப் பெற்றார். 1867இல் கெதீவ் என்ற பட்டமும் கிடைத்தது. 1869 நவம்பரில் சுயஸ் கால்வாய்த் திறப்பு விழாவுக்கு ஐரோப்பிய அரச குடும்பங்கள் அழைக்கப்பட்டன. பிரெஞ்சுப் பேரரசி யூஜெனி தங்குவதற்கென்றே நைல் நதியோரம் ஒரு மாளிகை கட்டப்பட்டது. அதே மாதத்தில் கெய்ரோவில் ஒபேரா மண்டபமும் திறக்கப்பட்டது. விருந்தினர் மகிழ்ந்து சென்றனர். பற்றுச்சீட்டு எகிப்தியர் கையில் எஞ்சியது.

அந்தப் பற்றுச்சீட்டைச் செலுத்தியவர் யார்? நைல் கரையின் ஏழை விவசாயி. நில வரி உயர்ந்துகொண்டே போனது. வரி கட்டத் தவறியவர் முதுகில் சாட்டை விழுந்தது. அறுவடைக்கு முன்பே விளைச்சலை வட்டிக்காரரிடம் ஈடு வைத்து வரி கட்டியவர்கள் ஏராளம். 1871இல் ஒரு விசித்திரமான சட்டம் வந்தது. ஆறு ஆண்டுகளுக்கான நில வரியை முற்பணமாகக் கட்டுபவருக்கு அதன் பின்னர் என்றென்றும் பாதி வரிதான் என்றது அரசு. நாளைய திறைசேரியின் வருமானத்தை இன்றே செலவழிக்கும் வழி அது.

லண்டனிலும் பாரிஸிலும் கடன் மேல் கடன் வாங்கப்பட்டது. 1873இல் பத்திரத்தில் எழுதப்பட்ட கடன் 32 மில்லியன் பவுண். தரகும் கழிவும் போகக் கைக்கு வந்தது அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். வட்டியோ முழுத் தொகைக்கும். பழைய கடனை அடைக்கப் புதிய கடன் என்ற சுழலில் 1876 அளவில் மொத்தக் கடன் ஏறத்தாழ 90 மில்லியன் பவுணை எட்டியது. அதற்கு முந்திய ஆண்டு, 1875 நவம்பரில், சுயஸ் கால்வாயில் எகிப்துக்கு இருந்த 176,602 பங்குகளையும் நான்கு மில்லியனுக்குச் சற்றுக் குறைந்த விலையில் பிரித்தானிய அரசுக்கு விற்றார். எகிப்தியத் தொழிலாளரின் வியர்வையிலும் உயிரிழப்பிலும் வெட்டப்பட்ட கால்வாய் அது.

1876இல் எகிப்து வங்குரோத்தானது. கடன் கொடுத்தவர்களின் பிரதிநிதிகள் நாட்டின் வருமானத்தைக் கண்காணிக்க வந்து அமர்ந்தனர். 1878இல் ஓர் ஆங்கிலேயரும் ஒரு பிரெஞ்சுக்காரரும் அமைச்சர்களே ஆகினர். அரசாங்க ஊழியர்களுக்கும் படையினருக்கும் சம்பளம் நிலுவையாகியது. மேல் எகிப்தில் பஞ்சம் தலைவிரித்தாடிய வேளையிலும் வட்டி தவறாமல் ஐரோப்பாவுக்குப் போனது. இறுதியில் வெளிநாட்டார் பிடியை உதற இஸ்மாயில் முயன்றபோது, ஐரோப்பிய வல்லரசுகளின் அழுத்தத்தால் 1879 ஜூனில் சுல்தான் அவரைப் பதவி நீக்கினார். அவர் இத்தாலிக்குச் சென்றார், பின்னர் இஸ்தான்பூலில் ஒரு மாளிகையில் வாழ்ந்து 1895இல் காலமானார்.

கடன் வாங்கியவர் போய்விட்டார், கடன் போகவில்லை. 1882இன் தொடக்கத்தில் எகிப்தின் மக்கள் பிரதிநிதிகள் ஓர் எளிய உரிமையைக் கோரினர். வரவு செலவுத் திட்டத்தில், கடனுக்கென ஒதுக்கப்படாத பகுதியின் மீதாவது வாக்களிக்கும் உரிமை அது. பிரித்தானியாவும் பிரான்ஸும் அதை எதிர்த்தன. அந்த இயக்கத்தின் முன்னணியில் நின்றவர், விவசாயி ஒருவரின் மகனான ஒராபி. 1882 செப்டெம்பரில் தல் அல்-கபீர் போரில் அவர் தோற்றார், நாடு கடத்தப்பட்டார். எகிப்துக்குள் நுழைந்த பிரித்தானியப் படை முழுமையாக வெளியேற 1956 வரை காத்திருக்க நேர்ந்தது.

இஸ்மாயிலின் ஆட்சியிலும் ஒரு மன்றம் இருந்தது. 1866இல் அவரே அதை அமைத்தார். ஆனால் அது ஆலோசனை சொல்லும் மன்றமே அன்றி, செலவைத் தடுக்கும் அதிகாரம் அதற்கு இருக்கவில்லை. கணக்குக் கேட்கும் துணிவு மக்கள் பிரதிநிதிகளுக்குப் பிறந்தபோது பணப்பெட்டியின் திறப்பு அந்நியரிடம் போயிருந்தது.

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாது என்று அறிவித்த நாட்டில் வாழும் எமக்கு இந்த வரலாறு தூரத்துக் கதை அல்ல. பொதுப் பணம் ஓர் அமானிதம். இன்று நாம் வாங்கும் பால்மாவிலும் மருந்திலும் எரிபொருளிலும் அக்கடனின் சுமை இருக்கிறது. திறப்பு விழா மேடைகளைப் பார்த்துக் கைதட்டும்போதே செலவு எவ்வளவு, யார் கட்டுவது என்று கேட்கும் பழக்கம் எம்மிடம் வர வேண்டும். ஒராபி பாஷாவை நினைவுகூர இதைவிடப் பொருத்தமான வழி இல்லை.