எல்லன் ரிச்சர்ட்ஸ் அம்மையார்

கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் நீரெல்லாம் தூய நீர் ஆகாது. பளிங்குபோல் விளங்கும் கிணற்று நீரிலும் கொடிய நோய்க்கு வித்து மறைந்திருத்தல் கூடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க நாட்டில் தொழில் நகரங்கள் பெருகின. ஆலைக் கழிவும் சாக்கடை நீரும் ஆறுகளிற் கலந்தன. அந்நீரைப் பருகிய மக்கள் பலர் டைபாய்டு என்னும் குடற்காய்ச்சலுக்கு இரையாயினர். அந்நாளில் நீரின் தூய்மையை ஆராய்ந்து காத்த அறிஞருள் ஒருவர் எல்லன் ரிச்சர்ட்ஸ் அம்மையார்.

எல்லன் 1842ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 3ஆம் நாள் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் டன்ஸ்டபிள் என்னும் ஊரிற் பிறந்தார். பெற்றோர் இருவரும் ஆசிரியத் தொழில் புரிந்தவர். எல்லன் அவர்களுடைய ஒரே மகள். பின்னர்த் தந்தையார் கடை ஒன்று நடத்தினார்; எல்லன் அதில் உதவி புரிந்தார். கல்லூரியிற் பயிலும் வேட்கை அவருக்கு மிகுதியாக இருந்தது, பொருளோ இல்லை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியும் பிறர் இல்லங்களில் வேலை செய்தும் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தார். 1868இல், தம் 25ஆம் வயதில், வாசர் மகளிர் கல்லூரியிற் சேர்ந்து, ஈராண்டிற் பட்டம் பெற்றார்.

மேலும் இரசாயனம் பயில விரும்பிய எல்லன், பாஸ்டன் நகரில் அப்பொழுது இருந்த மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு விண்ணப்பம் செய்தார். அதுகாறும் அக்கழகம் பெண் ஒருவரையும் சேர்த்ததில்லை. 1870 டிசம்பரில் எல்லனைத் தனி மாணவியாக ஏற்றது. கட்டணமும் வேண்டா என்றது. தம் வறுமைக்கு இரங்கிச் செய்த சலுகை அது என்று அவர் எண்ணினார். உண்மை வேறு. எவரேனும் குறை கூறினால், அவர் கழகத்தின் மாணவியே அல்லர் என்று மறுத்துரைக்க இடம் வேண்டியே கட்டணத்தை விலக்கியிருந்தனர். இதனை எல்லன் பின்னரே அறிந்தார். ஆயினும் கல்வியைக் கைவிட்டாரில்லை. 1873இல் அக்கழகத்திற் பட்டம் பெற்ற முதற் பெண்மணி ஆனார்.

1875இல் அக்கழகத்துப் பேராசிரியர் ராபர்ட் ரிச்சர்ட்ஸை மணந்தார். தாம் பெற்ற வாய்ப்பு ஏனைய பெண்களுக்கும் கிட்டுதல் வேண்டும் என்று கருதினார். அவரது முயற்சியால் 1876இல் மகளிர் ஆய்வுக்கூடம் தோன்றியது. அங்கு ஊதியம் பெறாமலே கற்பித்தார். பின்னர்ப் பெண்கள் ஆடவருடன் ஒருங்கே பயிலும் நிலை வந்தது. ஆதலால் 1883இல் அக்கூடம் மூடப்பட்டது.

1884இல் கழகத்திற் சுகாதார இரசாயன ஆய்வுக்கூடம் அமைந்தது. அம்மையார் அங்கு ஆசிரியராக அமர்ந்தார். 1887இல் மாநிலச் சுகாதாரக் கழகம் அம்மாநில நீர்நிலைகளை ஆராயத் தொடங்கியது. பேராசிரியர் தாமஸ் டிரௌன் தலைமை தாங்க, ஆய்வுக்கூடப் பணியை அம்மையார் ஏற்றார். ஆறு, ஏரி, கிணறு ஆகியவற்றின் நீர் புட்டிகளில் வந்து குவிந்தது. நாட்பட்டால் நீரின் தன்மை மாறிவிடும். ஆதலால் உடனுக்குடன் சோதித்தனர். இவ்வாறு பல்லாயிரம் மாதிரிகள் ஆராயப்பட்டன.

இவ்வாய்வில் அரிய உண்மை ஒன்று புலனாயிற்று. கடற்காற்று உப்பைச் சுமந்து வருவதால், கரையோர நீர்நிலைகளில் உப்பிலுள்ள குளோரின் மிகுந்தும், உள்நாடு செல்லச் செல்லக் குறைந்தும் காணப்பட்டது. இந்த இயல்பான அளவுகளை மாநிலப் படத்திற் குறித்தனர். மனிதக் கழிவிலும் உப்பு உண்டு. ஆகவே ஒரு கிணற்று நீரில் அவ்விடத்துக்குரிய அளவினும் குளோரின் மிகுந்திருப்பின், சாக்கடை கலந்திருத்தல் கூடும் என்று ஐயுற்று ஆராய்ந்தனர். உப்பு நோய் செய்வதன்று. மறைந்துள்ள மாசைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமே அது. அப்படம் ஊர்களின் குடிநீரைக் காக்கும் கருவியாயிற்று.

அம்மையார் காற்று, உணவு, வீட்டுத் தூய்மை ஆகியவற்றையும் ஆராய்ந்தார். 1908இல் அமெரிக்க மனையியற் சங்கத்தின் முதல் தலைவர் ஆனார். நீரைச் சோதிக்கும் முறையை மாணவர் பலருக்குப் பயிற்றினார். 1911 மார்ச்சு 30ஆம் நாள் மறையும்வரை ஆய்வுக்கூட ஆசிரியராகவே விளங்கினார்.

மாணவி என்று வெளிப்படையாக ஏற்கத் தயங்கிய கழகத்திலேயே அவர் மாணவர்க்கு ஆசானாக நின்றார். தமக்கு இழைக்கப்பட்ட குறையை எண்ணி வாடி நில்லாது, எவரும் இனி அக்குறையை எய்தாவண்ணம் உழைத்தது அவரது பெருமை. கல்வி கற்றவர்க்கு அணியாவது பட்டம் மட்டும் அன்று. அக்கல்வியால் பிறர் உயிரைக் காக்கும் தொண்டே ஆகும்.