திருவல்லிக்கேணியில் ஒரு வீடு

சட்டக் கல்லூரியில் சேர மதுரைக்குப் புறப்பட்ட பிள்ளை ஒருவனை, சென்ற வாரம் செம்பட்டியிலே பேருந்து நிற்குமிடத்தில் சந்தித்தோம். தகப்பனார் சின்னாளப்பட்டியில் தறி நெய்பவர். அந்த வீட்டிலே கல்லூரிப் படியை மிதிக்கும் முதல் ஆள் அவன்தான். கட்டணம் பற்றிக் கேட்பான், விடுதி பற்றிக் கேட்பான் என்று எதிர்பார்த்தோம். அவன் கேட்டதோ, அங்கே நம்மவர் யாராவது இருக்கிறார்களா என்பதைத்தான்.

அந்தக் கேள்விக்கு நூறாண்டுகளுக்கு முன்பே செயலிலே விடை சொல்லிவிட்டுப் போன பெரியவர் ஒருவர் உண்டு. டாக்டர் சி. நடேசனார்! தியாகராயரைத் தெரியும், டி. எம். நாயரைத் தெரியும் நம் தோழர்களுக்கு. அந்த இருவரோடும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டிய நடேசனாரை மட்டும் கூட்டங்களிலே ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். அது நம் குறை.

1875-இல் பிறந்தவர். திருவல்லிக்கேணியிலே மருத்துவத் தொழில் நடத்தியவர். நோயாளியின் நாடியைப் பிடித்த கை, நாட்டின் நாடியையும் பிடித்துப் பார்த்தது. 1912-ஆம் ஆண்டில் அரசு அலுவலகங்களில் வேலை பார்த்த பார்ப்பனரல்லாத ஊழியர்கள் சிலர், தகுதியிருந்தும் மேலே போக வழியில்லையே என்ற மனக்குமுறலோடு சென்னை ஐக்கியக் கழகம் என்ற பெயரிலே கூடினார்கள். அந்தக் கழகத்தின் உயிர்நாடியாக நின்றவர் நடேசனார். மாலை வேளைகளிலே அவர் வீட்டுத் தோட்டத்தில் கூட்டம் நடக்கும். எழுத்தறியாத பெரியவர்களுக்கு வகுப்பு, புதிதாகப் பட்டம் பெற்ற இளைஞர்களுக்கு வரவேற்பு, இவைதாம் கழகத்தின் முதல் வேலைகள். அடுத்து பெயர் மாற்றம் பற்றிப் பேச்சு வந்தது. அல்லாதார் என்று சொல்லிக்கொள்வது இன்னொருவரை வைத்து நம்மை அளப்பதாகும் என்று எண்ணினார்கள். சென்னை திராவிடர் சங்கம் என்று பெயர் சூட்டினார்கள். இன்று நாம் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லும் பெயர், அந்தத் தோட்டத்திலே தழைத்தது!

அன்றைய நிலை என்ன? 1914-இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் பதிவு பெற்ற பட்டதாரிகள் 650 பேர். அவர்களில் பார்ப்பனர் 452 பேர். மற்ற இந்துக்கள் அனைவருமாக 124 பேர். பிறர் 74 பேர். மாகாண மக்களில் நூற்றுக்கு மூவராக இருந்த ஒரு வகுப்பின் கணக்கு இது. நீதித்துறையைப் பாருங்கள். அந்த ஆண்டுகளில் நிரந்தர ஜில்லா முன்சீப்கள் 128 பேர் இருந்தார்கள். அவர்களில் 93 பேர் பார்ப்பனர், 25 பேர் பார்ப்பனரல்லாத இந்துக்கள். உழவனின் வரப்புத் தகராறும் கூலிக்காரனின் கடன் பத்திரமும் இவர்கள் முன்னேதான் போக வேண்டும்.

சட்டம் படிக்கலாமே என்பீர்கள். எங்கே போய்ப் படிப்பது? சென்னையில்தான் கல்லூரி. மதுரைக்குச் சட்டக் கல்லூரி வந்ததே 1970-களில்! செம்பட்டிப் பக்கத்து உழவன் மகன் மாட்டு வண்டியிலே திண்டுக்கல் போய், இரயிலேறி எழும்பூரில் இறங்கினால், தங்க இடமில்லை. உணவு விடுதியிலே சாதி பார்த்தார்கள். தங்கும் விடுதியிலும் அதே பார்வை. தப்பித் தவறிப் பட்டம் வாங்கினாலும், பெரிய வக்கீல் ஒருவரிடம் பயிற்சி பெற்றாக வேண்டும். அந்தப் பெரிய வக்கீலுக்கு இவன் யார்? உறவா, ஊர்க்காரனா, சாதிக்காரனா?

நடேசனார் மேடையேறி முழங்குவதோடு நிற்கவில்லை. 1916-இல் திருவல்லிக்கேணி அக்பர் சாகிபு தெருவிலே ஒரு வீட்டைப் பிடித்தார். திராவிடர் இல்லம் என்று பெயரிட்டார். வெளியூரிலிருந்து வரும் பார்ப்பனரல்லாத மாணவர்களுக்கு அங்கே இடமும் உணவும் கிடைத்தன. விடுதி என்றால் சோறும் பாயும் மட்டுமா, தோழர்களே? எந்த நூலை முதலில் படிப்பது, எந்த நூலகத்திலே அது கிடைக்கும், புரியாத இங்கிலீஷ் வாக்கியத்தை எப்படி உடைத்துப் படிப்பது, பேராசிரியர் முகம் சுளித்தால் எப்படித் தாங்குவது? முன்னே வந்தவன் பின்னே வந்தவனுக்குச் சொல்லித் தரும் பாடம் இது. எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு இது திண்ணையிலேயே கிடைத்துவிடுகிறது. உழவன் வீட்டுப் பிள்ளைக்கு இதற்கென்று ஒரு கூரை வேண்டியிருந்தது. பிற்காலத்தில் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர். கே. சண்முகம் செட்டியார், அண்ணாமலைப் பல்கலைக் கழகத் துணைவேந்தரான டி. எம். நாராயணசாமிப் பிள்ளை ஆகியோர் அந்த இல்லத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர்கள்.

அதே 1916-இல்தான் இன்னொரு பெரிய காரியத்தையும் செய்தார். சென்னை மாநகராட்சி அரசியலிலே எதிரும் புதிருமாக நின்ற தியாகராயரையும் நாயரையும் ஒரே பாதைக்குக் கொண்டுவந்தார். நவம்பர் 20 அன்று வேப்பேரியில் வழக்கறிஞர் எத்திராஜுலு முதலியார் வீட்டிலே கூடிய கூட்டத்திலிருந்து நீதிக் கட்சி கிளம்பியது. கட்சி 1920 டிசம்பரில் ஆட்சிக்கு வந்தது. 1921 செப்டம்பர் 16-இல் வகுப்புவாரி ஆணை பிறந்தது. நடேசனார் சட்டமன்றத்திலே இருந்தார், வாதாடினார்; அமைச்சராகவில்லை.

அந்த ஆணையின் வழியில் வந்த கல்லூரி இட ஒதுக்கீடு 1950-இல் சென்னை உயர்நீதிமன்றத்திலே வீழ்த்தப்பட்டது, 1951-இல் உச்சநீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. தெருவிலே மக்கள் கிளர்ந்தெழுந்த பிறகு, அந்த ஆண்டிலேயே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. ஊர்வலத்திலே நாம் ஆயிரம் பேர் நடப்போம். நீதிமன்றத்திலே நம்மவர் எத்தனை பேர் எழுந்து நின்று பேசுவார்கள் என்ற கணக்கையும் பார்த்தாக வேண்டியிருக்கிறது.

நடேசனார் 1937-இல் மறைந்தார். சென்னை தியாகராய நகரிலே அவர் பெயரால் ஒரு பூங்கா இருக்கிறது. காலையில் அங்கே நடக்க வருபவர்களிலே எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் கதை தெரியும்?

செம்பட்டியிலே பேருந்து வந்துவிட்டது. பையனிடம், மதுரையில் மூன்றாம் ஆண்டு சட்டம் படிக்கும் நம் தோழர் ஒருவரின் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தோம். மறுநாள் தோழரே பேசினார். பையனை அறையிலே தன்னோடு தங்க வைத்திருக்கிறாராம். பழைய புத்தகங்களை எடுத்துக் கொடுத்துவிட்டாராம். ஒப்பந்தச் சட்டத்தின் முதல் அத்தியாயத்தை இரவு பத்து மணி வரை தமிழிலே சொல்லிக் கொடுத்தாராம்.