பெயரை மறைத்த வொல்லாஸ்டன்

இங்கிலாந்தில் 1766-ஆம் ஆண்டு பிறந்த வில்லியம் ஹைடு வொல்லாஸ்டன் தொழிலால் மருத்துவர். 1800-இல் அத்தொழிலைக் கைவிட்டு, நண்பர் டென்னன்டுடன் கூட்டுச் சேர்ந்து பிளாட்டினத்தைத் தூய்மை செய்யும் பணியில் இறங்கினார். தாதுவை இராஜதிராவகத்தில் கரைத்து, நவச்சாரமிட்டுப் பிளாட்டினத்தைப் பிரித்த பின் எஞ்சிய கரைசலில் 1802-இல் ஒரு புதிய உலோகம் அகப்பட்டது. அதுவே பல்லேடியம்.

பிறகு அவர் செய்ததுதான் விந்தை! தொழில் இரகசியம் வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சினார் போலும். தம் பெயரைக் கூறாமல் 1803-இல் இலண்டன் கடையொன்றில் அவ்வுலோகத்தை விற்பனைக்கு வைத்தார். செனவிக்ஸ் என்னும் வேதியியலார் அதை வாங்கி ஆராய்ந்து, இது பிளாட்டினமும் பாதரசமும் சேர்ந்த கலவையே என்று அறிவித்தார். அவ்வாறு அதைச் செயற்கையாகச் செய்து காட்டுவோர்க்கு 20 பவுன் பரிசு என்று விளம்பரம் வந்தது. அதிலும் பெயரில்லை, பரிசு பெற எவரும் வரவில்லை. 1805-இல்தான் வொல்லாஸ்டன் உண்மையை வெளியிட்டார். அதுவரை சக அறிஞர் ஒருவரைத் தவறான வழியில் செல்ல விட்டது முறையன்று என்றே தோன்றுகிறது.

1828-இல் அவர் மறைந்தார். அவருடைய உலோகத்தை வினையூக்கியாகக் கொண்டு, புரோமோபென்சீன் போன்ற சேர்மங்களில் புரோமினை அகற்றி அவ்விடத்தில் அமீனை நேரே இணைக்கும் முறையை 1995-இல் அமெரிக்காவில் புக்வால்டும் ஹார்ட்விக்கும் தனித்தனியே கண்டனர். மருந்து ஆக்கத்தில் இன்று பெரிதும் பயன்படும் முறை இது. ஒரே மூலக்கூறில் இரண்டு நைட்ரஜன்கள் இருப்பினும், பல்லேடியத்தோடு சேர்க்கும் பாஸ்பீனைத் தக்கவாறு தேர்ந்தால், பல வேளைகளில் வேண்டிய நைட்ரஜனை மட்டுமே இணைக்க இயலும்.