மலையேறி மண்ணை அளந்த மாமேதை அல்பிரூனி

ஹிஜ்ரி 409 ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 1018 அக்டோபர் திங்களில், காபூல் நகருக்கு அருகிலுள்ள ஜைஃபூர் என்னும் சிற்றூரில் நாற்பத்தைந்து வயது நிரம்பிய அறிஞர் ஒருவர் சூரியனின் உயரத்தை அளக்க முயன்றுகொண்டிருந்தார். கையில் கருவி எதுவும் இல்லை. கணக்கெழுதும் பலகையின் பின்புறத்தில் வட்டத்தின் ஒரு பகுதியை வரைந்து, பாகைகளைக் குறித்து, அதையே கருவியாக்கிக் கொண்டார். நாடிழந்து, வேந்தன் ஒருவனின் ஆணைக்குக் கட்டுப்பட்டு, துயரத்தின் எல்லையில் நின்ற நேரம் அது. அவர்தாம் அல்லாமா அபூரைஹான் அல்பிரூனி (ரஹ்).

இன்றைய உஸ்பெகிஸ்தானில் அடங்கிய குவாரிஸம் நாட்டில், காத் நகரின் புறத்தே கி.பி. 973 இல் பிறந்தவர் அவர். பிரூனி என்ற பெயரே புறநகரைச் சார்ந்தவர் என்னும் பொருளுடையது. அரச குடும்பத்து அறிஞர் அபூநஸ்ர் மன்சூர் அவருக்குக் கணிதம் கற்பித்தார். 995 இல் மூண்ட உள்நாட்டுப் போர் அவரை ஊர் ஊராக அலையவைத்தது. வறுமையிலும் வானை நோக்குவதை அவர் விடவில்லை. 997 இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை அவர் காத் நகரிலும், அபுல்வஃபா பக்தாதிலும் ஒரே சமயத்தில் கவனித்து, இரு நகரங்களுக்கும் இடையேயுள்ள தீர்க்கரேகை வேறுபாட்டைக் கணித்தனர். 1017 இல் சுல்தான் மஹ்மூத் குவாரிஸத்தைக் கைப்பற்றியபோது, பிற அறிஞர்களோடு பிரூனியும் கஜ்னிக்குக் கொண்டுசெல்லப்பட்டார்.

அங்கே அவர் மேற்கொண்ட பெரும் பணி, கஜ்னியிலிருந்து கிப்லாவின் திசையைத் திட்டமாகக் கணிப்பது. தொழுகைக்கு முகம் திருப்ப வேண்டிய திசையைத் தேடிப் புறப்பட்ட அந்த நூல், ஊர்களுக்கிடையே உள்ள தூரத்தையும் பூமியின் வடிவையும் கடந்து, நிலத்தின் பழைய வரலாற்றிற்கே சென்றுவிட்டது. 1025 இல் அது நிறைவுற்றது. அரபு நாட்டுப் பாலையில் கிணறு வெட்டும்போது மண், மணல், கூழாங்கல் என அடுக்கடுக்காகப் படிவுகள் தென்படுவதையும், கற்களுக்குள்ளே சிப்பிகள் காணப்படுவதையும் எடுத்துக்காட்டி, அந்தப் பாலை ஒருகாலத்தில் கடலாக இருந்தது என அதில் அவர் எழுதினார். கடல் நிலமாகும், நிலம் கடலாகும். ஆனால் மனிதனின் வாழ்நாள் மிகச் சிறியது. ஆதலால் அவன் அதைக் காண்பதில்லை என்பது அவர் கருத்து.

இந்தியாவுக்கு வந்தபோது அதே கண்ணோடு கங்கைச் சமவெளியை நோக்கினார். மலையடிவாரத்தில் உருண்ட பெருங்கற்கள். தொலைவு செல்லச் செல்லச் சிறுகற்கள். ஆறு மெலிந்து கடலை நெருங்குமிடத்தில் வெறும் மணல். ஆறுகள் கொணர்ந்த வண்டலால் தூர்ந்த பழங்கடலே இச்சமவெளி என்று முடிவு கட்டினார்.

பஞ்சாபின் உப்பு மலைத்தொடரில் உள்ள நந்தனா கோட்டையருகே அவர் ஒரு மலையின் உயரத்தை அளந்து 652 முழம் எனக் கண்டார். பின் உச்சியேறி, கீழே விரிந்த சமவெளியின் அடிவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று பார்த்தார். அரைப் பாகையைவிடச் சற்றே அதிகம். இவ்விரண்டு அளவுகளைக் கொண்டே பூமியின் ஆரத்தைக் கணித்தார். கலீபா மஃமூனின் காலத்து அறிஞர்கள் இதற்காகப் பாலைவனத்தில் நெடுந்தூரம் நடந்து அளந்தனர். பிரூனிக்கோ ஒரு மலை போதுமானதாயிற்று.

அவர் ஏறிய மலையின் வரலாறு அவர் அறியாதது. நிலத்தின் மேலோடு பெரும் தட்டுகளாகப் பிளவுபட்டு மெல்ல நகர்கின்றது என்னும் உண்மை 1960களில்தான் உறுதிப்பட்டது. இந்தியாவைத் தாங்கிய தட்டு வடக்கே நகர்ந்தபோது, இடையே இருந்த டெதிஸ் கடலின் தரை ஆசியாவின் அடியில் அமிழ்ந்து மறைந்தது. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இரு கண்டங்களும் மோதின. கனமான கடல்தரை அமிழும். கண்டத்தின் பாறையோ எடை குறைந்தது, எளிதில் அமிழாது. ஆகவே அது மடிந்து, ஒன்றன்மேல் ஒன்றேறி, இமயமாக எழுந்தது. எவரெஸ்டின் உச்சியில் கடல்வாழ் உயிர்களின் எச்சங்கள் கிடைப்பது இதனாலேயே. அந்த மோதலின் தென்முனையே உப்பு மலைத்தொடர். பழங்கடல் வற்றியதால் படிந்த உப்பின்மீது வழுக்கியே அதன் பாறைகள் மேலே ஏறின.

கங்கைச் சமவெளி பற்றிய அவர் முடிவிலும் ஒரு திருத்தம் வேண்டும். அது வெறுமனே தூர்ந்த கடலன்று. மலையின் பாரத்தால் வளைந்து தாழ்ந்த பள்ளம். ஆனால் அதை நிரப்பியது ஆற்று வண்டலே என்பதில் அவர் பிழைபடவில்லை. பிரூனி இன்றைய நிலவியல் அனைத்தையும் அன்றே சொல்லிவிட்டார் எனப் பெருமை பேசுவோர் நம்மில் உண்டு. அவர் மிகையை விரும்பாதவர். அந்தப் பெருமை அவருக்குத் தேவையுமில்லை. மலைகள் எவ்வாறு நாட்டப்பட்டுள்ளன என்று நோக்குமாறு திருமறை அழைக்கின்றது. அவர் நோக்கினார், கண்டதை மட்டுமே எழுதினார்.

1048 ஆம் ஆண்டளவில் கஜ்னியில் அவர் மரணப் படுக்கையில் கிடந்தார். பார்க்க வந்த மார்க்கச் சட்ட அறிஞரிடம், முன்னொருநாள் பேசிய பாட்டிமாரின் வாரிசுரிமை பற்றிய கணக்கை மீண்டும் விளக்குமாறு கேட்டார். இந்த நிலையிலுமா என்று வந்தவர் இரங்கினார். அறியாமல் போவதைவிட அறிந்துகொண்டு போவதே மேல் என்னும் கருத்தில் பிரூனி பதிலளித்தார். அவர் விளக்கினார், பிரூனி திரும்பச் சொல்லி மனத்தில் பதித்துக்கொண்டார். விடைபெற்று வெளியேறிய அந்த அறிஞர் தெருவில் சிறிது தூரம் செல்வதற்குள், வீட்டினுள்ளிருந்து அழுகுரல் எழுந்ததைக் கேட்டார் என்று வரலாற்றாசிரியர் யாகூத் குறித்துள்ளார்.