பராக்குக்கு இடங்கொடாத பத்தொன்பது ஆண்டுகள்

திருகோணமலைத் துறைமுகத்திற்கு எதிர்ப்புறமாக, மகாவலி கங்கை வந்து விழும் நீர்ப்பரப்பைக் கொட்டியாரக் குடா என்கிறோம். வாசகர்களே, உங்களில் மூத்தவர்கள் பலர் அக்குடாவை லாஞ்சியிற் கடந்து மூதூருக்குப் போய் வந்திருப்பீர்கள். அங்கே வெள்ளைக்காரன் மரம் என்று ஊரவர் சொன்ன புளியமரத்தையும், 1893ஆம் ஆண்டில் நாட்டப்பட்ட நினைவுக் கல்லையும் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த வெள்ளைக்காரன் யார் என்று கேட்டால், நொக்ஸ் என்ற பெயர் மட்டும் பலருக்கு நினைவில் இருக்கும். சிறைப்பட்டார், தப்பினார், புத்தகம் எழுதினார் என்று மூன்று சொல்லில் கதை முடிந்துவிடும். ஆனால் இடையிலே கிடந்த பத்தொன்பது ஆண்டுகளை அவர் எப்படிப் போக்கினார் என்பதுதான் நாம் அறிய வேண்டியது. புத்தகத்தைத் திறந்த ஐந்தாம் நிமிடத்தில் யன்னலுக்கு வெளியே பராக்குப் பார்க்கும் மாணவனுக்கும், கைத்தொலைபேசியைத் தடவிக்கொண்டே ஒரு கடிதத்தை முடிக்க முடியாமல் திண்டாடும் நமக்கும் அந்தப் பகுதியிலேதான் செய்தி இருக்கிறது.

றொபேட் நொக்ஸ் 1641ஆம் ஆண்டு லண்டனிற் பிறந்தவர். தந்தையின் பெயரும் றொபேட் நொக்ஸ்தான், கப்பற் தலைவர். மகன் பதினான்கு வயதிலேயே தந்தையோடு கடலேறினார். 1658இல் ‘ஆன்’ என்னும் கப்பலில் இருவரும் மீண்டும் இந்தியக் கரைக்கு வந்தனர். 1659 நவம்பரில் மசூலிப்பட்டணத்தருகே பெரும் புயலில் சிக்கிப் பாய்மரத்தை இழந்தது கப்பல். புது மரம் நாட்டவும், நாட்டும் நாட்களில் சிறிது வாணிபம் செய்யவும் ஏற்ற இடமாகக் கொட்டியாரக் குடா தெரிந்தெடுக்கப்பட்டது. சில நாட்கள் எல்லாம் நன்றாகவே நடந்தன. பின்னர் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் திசாவை படையோடு வந்தார். 1660 ஏப்ரல் மாதத்தில் கரையிலிருந்த ஆங்கிலேயர் பிடிபட்டனர். தந்தை பிடிபட்டது ஒரு புளியமரத்தடியில். எல்லாமாகப் பதினாறு பேர்.

இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் அப்பாற் செல்ல மனம் வரவில்லை. கப்பலையும் வசப்படுத்த விரும்பிய திசாவை, மகனைக் கப்பலுக்குத் தூது அனுப்பச் சம்மதித்தார். கப்பலைக் காப்பாற்றிக்கொள்ளும்படி மாலுமிகளுக்குச் சொல்லி அனுப்பிய தந்தை, மகனிடம் மட்டும் ஒரு வாக்குறுதி வாங்கினார்: தம்மை இந்த நிலையில் கைவிடாமல் திரும்பி வரவேண்டும். பத்தொன்பது வயது இளைஞர் கப்பலேறினார். காலடியில் கப்பற் பலகை. முன்னே திறந்த கடல். விரும்பினால் அப்படியே ஊருக்குப் போயிருக்கலாம். செய்தியைச் சொல்லிவிட்டு அவர் படகில் இறங்கிக் கரைக்குத் திரும்பினார். கப்பல் பின்னர் அவர்களை விட்டுப் போய்விட்டது.

சிறை என்றதும் விலங்கும் இருட்டறையும் நம் கண்முன் வரும். நொக்ஸ் கண்ட சிறை அவ்வகையானதன்று. கைதிகள் மலைநாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டு ஊர் ஊராகப் பிரித்துவிடப்பட்டனர். அவர்களுக்கு உணவு கொடுப்பது ஊராரின் கடமை என்று அரசகட்டளை. சோறு வேளைக்கு வீடு தேடி வந்தது. செய்யவேண்டிய வேலை ஒன்றுமில்லை. விடுதலை இன்று வரும், நாளை வரும் என்ற பேச்சு மட்டும் ஓயாமல் வந்துகொண்டிருந்தது. அரசனுக்கோ வெள்ளையரைப் பிடித்து வைத்திருப்பதில் ஒரு விருப்பம். அனுப்பும் எண்ணம் கிடையாது. சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். வயிறு நிறைந்திருக்கிறது, கைக்கு வேலையில்லை, நாள் எப்போது முடியும் என்றும் தெரியாது. மனத்தைச் சிதறடிக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை வேண்டுமென்று தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது.

தந்தையும் மகனும் பண்டார கொஸ்வத்தை என்னும் ஊரில் விடப்பட்டனர். இருவரையும் குளிர்காய்ச்சல் பற்றியது. நோயோடு ஏக்கமும் சேர்ந்து வாட்டியதில் தந்தை 1661 பெப்ரவரி 9ஆம் நாள் இறந்தார். உடலைக் கயிறு கட்டி இழுத்துக் காட்டில் விடலாம் என்ற யோசனைதான் அயலாரிடமிருந்து கிடைத்தது. தாமும் நோயாளியாக நடக்கமாட்டாமல் இருந்த மகன், ஒரு பையனின் துணையோடு குழி வெட்டித் தந்தையை அடக்கம் செய்தார். அந்தப் பையன் பரங்கிப்பேட்டையிலிருந்து தந்தை பணிக்கு அழைத்து வந்தவன். எனவே நம் மொழி பேசியவனாகவே இருக்கவேண்டும் என்று எண்ணுகிறேன்.

தனித்துவிடப்பட்ட நொக்ஸிடம் இருந்த சொத்து இரண்டு பக்திநூல்கள். நாள்தோறும் பகலுணவு முடிந்ததும் ஒரு நூலை எடுத்துக்கொண்டு வயல்வெளிக்குப் போவார். ஒரு மரத்தடியில் அமர்ந்து பொழுது சாயும்வரை வாசிப்பார், சிந்திப்பார். குளிர்காய்ச்சல் வரும் நாளில் மட்டும் தலை நிமிர்த்த முடியாது, அன்று விடுமுறை. அடுத்த நாள் மறுபடியும் அதே மரம். இரண்டு நூல்களும் ஏறக்குறைய மனப்பாடமாகிவிட்டன. நூலகத்தில் நூறு நூல்களின் முதற் பக்கத்தை மட்டும் புரட்டும் பழக்கமுடைய எவரும் இந்த இரண்டு நூல்களை ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம். நொக்ஸுக்குத் தெரிவு செய்ய வேறொன்றும் இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். ஆனால் வாசிக்காமலே இருக்கும் தெரிவு அவருக்கும் இருந்தது. உடன் பிடிபட்டவர்களிற் சிலர் அதைத்தான் தெரிந்தெடுத்துச் சாராயத்திற் பொழுதைக் கரைத்தனர்.

மூன்றாவது நூல் வந்த விதம் சுவையானது. ஒருநாள் நொக்ஸ் ஓடையிலே தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு முதியவர் கையில் ஆங்கில நூலொன்றோடு அந்த வழியே வந்து, உன் எசமானுக்கு வாசிக்கத் தெரியுமா என்று பையனைக் கேட்டார். போர்த்துக்கேயர் கொழும்பை விட்டுப் போனபோது கிடைத்த நூல் அது. பார்த்தால், வேதாகமம்! நொக்ஸின் கையில் ஒரேயொரு பகோடா நாணயம் எஞ்சியிருந்தது. அதையே கொடுத்துவிடத் துடித்தார். பையன் தடுத்தான். ஆவலைக் காட்டாதீர்கள், குறைந்த விலைக்கு நான் முடித்துத் தருகிறேன் என்பது அவன் யோசனை. கடைசியில் ஒரு பின்னல் தொப்பிக்கு வேதாகமம் கைமாறியது. பரங்கிப்பேட்டைச் சந்தையறிவு பொய்க்கவில்லை.

தொப்பி பின்னும் தொழில் கைதிகளிடையே பரவியிருந்தது. நொக்ஸும் கற்றுக்கொண்டார். ஊரார் தந்த சமைத்த சோற்றுக்குப் பதிலாக அரிசியாகவே தரும்படி வாதாடிப் பெற்று, அதில் மிச்சம் பிடித்தார். கோழியும் பன்றியும் வளர்த்தார். பின்னாளில் நெல்லை ஒன்றுக்கு ஒன்றரையாகக் கடன் கொடுத்தார். (நம் கிராமத்து வட்டிக்காரருக்கு இது புதிதன்று, பாராட்டவும் முடியாது.) பின்னல் ஊசி பிடித்த கைக்கு ஓயாத வேலை உண்டு. எண்ணிக்கை தவறினால் கண்ணி தவறும். ஆகவே மனம் வெகுதூரம் ஓட முடியாது. ஆயினும் சிந்தனைக்கும் சிறிது இடம் கிடைக்கும். செபமாலை உருட்டும் நம் பாட்டிமாருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. வெறுமனே அமர்ந்து மனத்தை அடக்க முயன்றவர்கள் எத்தனையோ பேர் தோற்றிருக்கிறார்கள். கைக்கு ஒரு சிறு வேலையைக் கொடுத்தால் மனம் தானாகவே அருகில் வந்து உட்காருகிறது.

1664இல் அரசனுக்கெதிராக ஒரு கிளர்ச்சி எழுந்து அடங்கியது. அதன் பின்னர் நொக்ஸ் வேறு ஊர்களுக்கு மாற்றப்பட்டு, இறுதியாகக் கண்டியருகே எலதெத்த என்னும் ஊரில் 25 லாரின் வெள்ளி கொடுத்து ஒரு தோட்டத்தை வாங்கி வீடு கட்டினார். மணமாகாத நான்கு தோழர்கள் அங்கே சேர்ந்து வாழ்வதென்று உடன்பாடு. அவர்களில் இருவர் பின்னர் மணஞ்செய்து பிரிந்தனர். அதிலே தவறு காண நமக்கு உரிமையில்லை. பிள்ளையும் குடும்பமுமாக வேரூன்றியவர்கள் அந்நாட்டவராகவே வாழ்ந்து மறைந்தார்கள். நொக்ஸும் ஸ்தெபான் றட்லன்ட் என்பவரும் மட்டும் தனியர்களாகவே இருந்தனர். புறப்படும் நாள் வந்தால் காலைக் கட்டும் கயிறு ஒன்றும் இருக்கக்கூடாது என்பது நொக்ஸின் கணக்கு.

அதைவிடப் பெரிய பராக்கு ஒன்றும் அவரைத் தேடி வந்தது: அரசசேவை! அரண்மனையில் உத்தியோகம் தருவதற்கு அழைப்பு வந்தபோது மற்றவர் மகிழ்ந்திருப்பர். நொக்ஸோ நடுங்கினார். அரசனருகே இருந்தவர்கள் உயர்ந்த வேகத்திலேயே தலை இழந்ததை அவர் கண்டிருந்தார். பெருமை கிடைத்தால் காவலும் கூடும். பிறகு தப்புவது எங்கே? ஏதேதோ சாக்குச் சொல்லி நழுவித் தம் தோட்டத்துக்கே திரும்பினார். கவனம் சிதறுவது சோம்பலால் மட்டும் என்று நாம் நினைக்கிறோம். நல்ல பதவியும் புகழும் நம்மை எத்தனை முறை எடுத்த வேலையிலிருந்து இழுத்துச் சென்றிருக்கின்றன!

தப்பும் எண்ணத்தை அவர் நாட்தொழிலுக்குள்ளேயே ஒளித்து வைத்தார். தொப்பி, மிளகு, உள்ளி, சீப்பு என்று சிறு சரக்குகளைச் சுமந்துகொண்டு இருவரும் வடக்கு நோக்கி வியாபாரம் போவார்கள். பார்ப்பவருக்கு அங்காடி வியாபாரிகள். அவர்களுக்கோ ஒவ்வொரு பயணமும் வழியைப் படிக்கும் பாடம். எந்த ஊரில் காவல், எந்த ஆறு எங்கே போகிறது என்று சிறிது சிறிதாக அறிந்தனர். பலமுறை போனார்கள், பலமுறை திரும்பினார்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் வடபகுதிக் காட்டில் குடிக்க நீரில்லை. அப்போதும் வெறுங்கையோடு திரும்பினார்கள். ஒரு முயற்சி தவறியதும் வேறொன்றைப் பற்றிக்கொள்ளும் நமக்கு இந்தத் திரும்பி வருதல்தான் கடினமாகத் தோன்றுகிறது. வீடு திரும்பியதும் மறுநாள் மீண்டும் தொப்பி பின்ன உட்கார்ந்துவிடுவார் நொக்ஸ்.

1679 செப்ரெம்பர் 22ஆம் நாள் புறப்பட்ட பயணம் கைகூடியது. அநுராதபுரம்வரை வியாபாரிகளாகவே நடந்து, அதன்பின் மல்வத்து ஓயாவின் போக்கிலே காட்டினூடு சென்றனர். நாம் அருவியாறு என்று சொல்வது அதைத்தான். யானைக்கு அஞ்சி இரவில் தீ மூட்டினார்கள். மனிதருக்கு அஞ்சிப் பகலில் ஒளிந்து நடந்தார்கள். ஒக்டோபர் 18இல் மன்னாருக்குத் தெற்கே அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர். கொட்டியாரத்தில் பிடிபட்டதிலிருந்து பத்தொன்பது ஆண்டும் ஆறு மாதமும் கழிந்திருந்தன.

அரிப்பிலிருந்து மன்னார், கொழும்பு, பத்தாவியா என்று சுற்றிச் ‘சீசர்’ என்னும் கப்பலில் தாயகம் திரும்பினார். நெடுங்கடற் பயணத்தில் மாலுமிகள் கதை பேசிப் பொழுதுபோக்க, நொக்ஸ் எழுத உட்கார்ந்தார். கண்டி நாட்டிலிருந்து குறிப்பென்று சொல்லத்தக்க தாள் எதையும் அவர் கொண்டுவரவில்லை. நெல் விதைப்பதும் சூடு மிதிப்பதும், அரசனின் வரி, நீதிமுறை, மரம், மிருகம், உடை, சடங்கு எல்லாம் மனத்திலேதான் இருந்தன. மரத்தடியில் இரண்டே நூல்களை அசைபோட்டுப் பழகிய மனம், சுற்றிலும் கண்டதையும் அப்படியே வரிசையாகச் சேமித்திருந்ததென்று கொள்ளலாம்.

1680 செப்ரெம்பரில் லண்டன் சேர்ந்ததும் கையெழுத்துப்படி விஞ்ஞானி றொபேட் ஹூக்கின் கைக்குப் போயிற்று. ஹூக் வேறொரு வகை மனிதர். நுண்காட்டி, கடிகாரச் சுருள், தீக்கிரையான லண்டனின் நில அளவை என்று ஒரே நாளில் பத்து வேலையைத் தொடுபவர். அவர் உற்சாகத்தோடு முகவுரை எழுதிக்கொடுத்தார். உறவினரான ஜோன் ஸ்ட்ரைப்பும் உதவினார். 1681இல் நான்கு பாகமாக இலங்கைத் தீவின் வரலாறு வெளிவந்தது. விரைவிலே ஒல்லாந்தம், ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளிலும் வந்தது. டானியல் டீஃபோ தமது கதையொன்றில் நொக்ஸின் சிறைவாழ்வைச் சுருக்கிச் சேர்த்திருக்கிறார். றொபின்சன் குரூசோவுக்கும் நொக்ஸ் உந்துதலாக இருந்தார் என்று அறிஞர் பலர் கருதுவர். கண்டி இராச்சியத்தின் அன்றாட வாழ்வை ஆராய்பவர் இன்றும் முதலிற் புரட்டும் நூல்களில் அது ஒன்று.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு ஒன்றை மறைப்பது நேர்மையன்று. மீண்டும் கப்பற் தலைவராகிக் கிழக்கிந்தியக் கம்பனிக்குக் கடலோடிய இதே மனிதர், 1680களில் மடகாஸ்காருக்குச் சென்று அடிமைகளை வாங்கிப் புனித எலேனாத் தீவுக்குக் கொண்டு சென்றார். பத்தொன்பது ஆண்டு தம் சுதந்திரத்தின்மேல் வைத்த கண்ணை எடுக்காதவருக்கு, அடுத்தவருடைய சுதந்திரம் கண்ணிற் படவில்லை. ஒன்றையே நோக்கும் மனத்திற்கு இப்படியும் ஓர் இருட்டுப் பக்கம் உண்டு.

நூலின் இரண்டாம் பதிப்பை விரிவாக வெளியிட அவர் விரும்பினார். தம்மிடமிருந்த பிரதியின் இடையிடையே வெற்றுத் தாள்களைச் சேர்த்துக் கட்டுவித்து, நினைவு வந்தபோதெல்லாம் எழுதினார். முதுமையிலும் அது நிற்கவில்லை. 1720 யூன் 19ஆம் நாள் அவர் இறந்தபோது அப்பதிப்பு வெளிவரவில்லை. தம்மைப் பற்றி எழுதிவைத்த குறிப்புகள் 1911இல் அச்சேறின. நூலின் இடையே கைப்பட எழுதிச் சேர்த்தவற்றோடு கூடிய பதிப்பு 1989இல் வெளிவந்தது.